ஒருமனதாக

சம்மதம் என்று திரவியம் சார் சொல்லிவிட்டார். தொண்டையைக்கூடச் செருமவில்லை. கடையில் கால் கிலோ தக்காளி கேட்கிறவர் மாதிரி லேசாகச் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இனி அவருக்குப் பக்கத்து ஸ்டூல், அதற்கும் பக்கத்து ஸ்டூல் என்று இந்த பிசிக்ஸ் லேபை ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசியாக ஜன்னலோரம் என்னிடம் வரும். எனக்கு முந்தின ஸ்டூலில் செண்பகவல்லி. எனக்குப் பிறகு கை கழுவும் தொட்டிதான், அதனிடம் யாரும் கேட்கப்போவதில்லை, குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. சாய்வில்லாத இந்த ஸ்டூலைச் செய்தவன் ஐம்பத்தாறு வயதுப் பொம்பளையின் இடுப்பை மனதில் வைத்துச் செய்யவில்லை. காலையிலிருந்து நாலு வகுப்பு நின்றுகொண்டே எடுத்தாயிற்று, முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது, வீட்டுக்குப் போய் ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்தால் போதும் என்றிருக்கிறது. வழக்கமாக இந்நேரம் கூட்டம் முடிந்திருக்கும். எங்கள் ஸ்கூலில் கூட்டம் என்றால், ஹெச்செம் சங்கரலிங்கம் சார் ஒன்றைச் சொல்லிவிட்டு எல்லாருக்கும் சம்மதம்தானே என்பார், நாங்கள் எல்லாரும் குனிந்து தரையைப் பார்ப்போம், தரையைப் பார்த்தால் சம்மதம், டீ வந்துவிடும். இன்றைக்குத் தாளாளரே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொருத்தரா வாயைத் தொறந்து சொல்லணும், நாளைக்கு எவரும் நான் சொல்லலையேன்னு பின்வாங்கக் கூடாது பாருங்க, என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அவருடைய அப்பா கட்டியது. தரையைப் பார்ப்பதெல்லாம் அவரிடம் செல்லாது.

சம்மதம் எதற்கு என்றால், செண்பகவல்லியை வேலையை விட்டு அனுப்புவதற்கு. அவள் தையல் டீச்சர், பகுதி நேரம். ஏழாம் வகுப்புப் பிள்ளை பேச்சியம்மாள் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று ஆசிரியர்கள் அனைவரும் ஒருமனதாகக் கருதுகிறோம். கல்வி ஆபீஸுக்கு அனுப்ப இந்தக் கடைசி வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நான். இந்த ஸ்கூலில் இங்கிலீஷில் எது போனாலும் என் கையால்தான் போகும், முப்பது வருஷமாக அப்படித்தான், மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கு பஸ் கேட்டு எழுதினதும் நான், பழைய ஹெச்செம் செத்ததற்கு இரங்கல் எழுதினதும் நான். த ஸ்டாஃப் இஸ் ஆஃப் த யுனானிமஸ் ஒபீனியன். எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது ஹெச்செம் அதைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். டீச்சர், ஸ்டாஃப்புன்னா நாம இவ்வளவு பேரு இருக்கோமே, இஸ் போட்டிருக்கீங்க, ஆர் வராதா, என்று கேட்டார். எல்லாரும் ஒரே அபிப்பிராயமா இருந்தா இஸ் போடலாம் சார், ஆளுக்கு ஒண்ணு சொன்னா ஆர், என்றேன். அப்படின்னா இஸ்ஸே இருக்கட்டும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல மனுஷன், அவர் சிரித்தால் கூடச் சிரிக்கத் தோன்றும், அவ்வளவுதான். இல்லை, அவ்வளவுதான் இல்லை. என் இலக்கணத்தை ஒருத்தர் மதித்துக் கேட்டாரே என்று எனக்கு ஒரு குளிர்ச்சி. ஒரு பிள்ளையின் வேலை போகிற கடிதத்தில் எனக்கு வினைச்சொல் சரியாக இருப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது, இதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் ஒன்பதாவது பி பிரிவிலும் இதேதான் பாடம். வேண்டுமென்று எடுக்கவில்லை, பாடத்திட்டத்தில் இன்றைக்கு அது வந்தது. கலெக்டிவ் நௌன். ஃப்ளாக், ஹெர்ட், டீம், ஜூரி, கமிட்டி. ஆட்டு மந்தைக்கு ஒரு வார்த்தை, மாட்டு மந்தைக்கு இன்னொரு வார்த்தை, மீனுக்கு வேறு, ஈசலுக்கு வேறு, வெள்ளைக்காரன் எதை எதைக் கூட்டமாகப் பார்த்தானோ அதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்துவிட்டான், நாம் மந்தை, கூட்டம் என்று ஒன்றிரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். போர்டில் இரண்டு வாக்கியம் எழுதினேன். கமிட்டி ஒரே முடிவாக இருக்கிறது, இஸ். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் பிளவுபட்டிருக்கிறார்கள், ஆர். இரண்டாவது பெஞ்சு இசக்கியம்மாள் எழுந்து, அப்போ சண்டை போட்டாப் பன்மை, சமாதானமா இருந்தா ஒருமையா டீச்சர், என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆமா என்றேன். உடனே கேட்டாள் பாருங்கள், அதில் ஒருத்தர் மட்டும் பேசாம இருந்தா டீச்சர்? அவள் குறும்புக்குத்தான் கேட்டாள், அவளுக்கு இந்த லேபில் சாயங்காலம் நடக்கப்போவது தெரியாது. புஸ்தகத்துல இருக்கறதை மட்டும் எழுதிக்கோ, உக்காரு, என்று சொன்னேன். உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் பெல் அடிக்கிறவரைக்கும் எனக்குப் பாடத்தில் மனசு ஒட்டவில்லை, கோழிக் கூட்டம் என்பதற்கு என்ன வார்த்தை என்று ஒரு பிள்ளை கேட்டதற்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், நாளைக்குத் திருத்த வேண்டும்.

சம்மதம். சயின்ஸ் டீச்சர் சொல்லியாயிற்று. சம்மதம். பி.டி. சாரும் சொல்லியாயிற்று, அவர் குரல் விசில் ஊதி ஊதித் தடித்த குரல், இன்றைக்கு அதுவே கம்மியாக இருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று இவர்கள் எல்லாருக்கும் தெரியும். கெமிஸ்ட்ரி இந்துமதிக்கு ஸ்டாஃப் ரூமில் வளைகாப்பு. இது எங்கள் ஸ்கூலில் ரொம்ப நாள் வழக்கம், எந்த டீச்சர் உண்டானாலும் வீட்டு வளைகாப்புக்கு முந்தின வாரம் இங்கே ஒன்று, சந்தனம் குங்குமம் கண்ணாடி வளையல் எல்லாம் உண்டு, ஆளுக்கொரு கலந்த சாதம் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்துவிடுவோம். என் பங்கு எப்போதும் புளியோதரை. ஆம்பளை வாத்தியார்மார் முதலில் வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள், சாதம் பரிமாற ஆரம்பித்ததும் உள்ளே வந்துவிடுவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். மத்தியான பெல் அடித்தது, எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது, அடிச்சா அடிக்கட்டும் இன்னொரு கரண்டி வைங்க என்றார் திரவியம் சார். இந்துமதி கன்னம் நிறையச் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள், பார்க்க அழகாக இருந்தாள், எங்கள் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும். அந்தப் பீரியட் முழுக்க ஒரு வகுப்பில்கூட வாத்தியார் இல்லை. பிள்ளைகள் இறங்கி மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். தையல் அறைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது, லீவில் அப்புறப்படுத்தலாம் என்று எத்தனையோ லீவு போய்விட்டது, அதில் ஏறித்தான் பேச்சியம்மாள் விழுந்தாள், பெஞ்சும் சரிந்து அவள்மேல் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடியது செண்பகவல்லி ஒருத்திதான். அவள் தையல் அறையில் இருந்தாள். பெஞ்சை ஒற்றை ஆளாகப் புரட்டித் தள்ளி, பிள்ளையைத் தூக்கி, ரோட்டில் போன ஆட்டோவை மறித்து ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். எங்களுக்கு விஷயம் தெரியும்போது நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம்.

பிள்ளையின் அப்பா தறி ஓட்டுகிறவர். மறுநாள் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார், உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கும் வரவில்லை, கத்தவும் இல்லை. அந்த நேரத்துல டீச்சர்மாரெல்லாம் எங்க சார் இருந்தாங்க, என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்கு ஹெச்செம் சொன்ன பதிலை நான் ஜன்னல் பக்கம் நின்று கேட்டேன். ஸ்கூல்ல விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க, என்றார். யார் விசாரிக்கிறார்கள்? ஸ்கூலில். நம் தமிழில் இது ஒரு பெரிய வசதி, ஆளைச் சொல்ல வேண்டாம், இடத்தைச் சொன்னால் போதும். வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஊர்ல பேசிக்கிடுதாங்க. யார் என்று கேட்டால் யாருமில்லை, சுவரும் ஓடும்தான். எனக்குக் கல்யாணம் பேசினபோது அவங்க வீட்ல பொண்ணு வேலைக்குப் போகக் கூடாதுன்னு நெனைக்காங்க என்று சொல்லி அனுப்பினார்கள், கல்யாணம் ஆகி வந்து ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன், மாமனார் நான் சொல்லல என்றார், மாமியார் எனக்கென்ன என்றார், இவரோ நான் ஊர்லயே இல்லையே என்றார். யாருமே நினைக்காத ஒரு நினைப்புக்காக நான் ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அந்தத் தகப்பனும் அன்றைக்கு அப்படித்தான் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது, அந்தத் தையல் டீச்சர் பேரு மட்டும் எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில அவங்கதான் நின்னாங்க, என்று சொன்னார். நன்றிக்குச் சொன்னார். அன்றைக்கு ஆபீஸுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாளாளருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. எங்களுக்கெல்லாம் பெயர் கிடையாது, நாங்கள் ஸ்டாஃப். அவளுக்குப் பெயர் இருந்தது, ஏனென்றால் அவள் அங்கே இருந்தாள்.

நடுவரிசைக்கு வந்துவிட்டது. தமிழய்யா, நான் இதுக்குக் கட்டுப்படுகிறேன், என்றார். சம்மதம்னு சொல்லுங்க ஐயா, என்றார் தாளாளர். சம்மதம். தமிழய்யா தலையைக் குனிந்துகொண்டார். மனுஷனுக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வேண்டியிருந்தது, அதுகூடக் கிடைக்கவில்லை. நான் சின்ன வகுப்பில் படிக்கிறபோது யார் பேசினது என்று கேட்டு யாரும் சொல்லவில்லை என்றால் வகுப்பு முழுவதையும் முட்டி போடச் சொல்வார்கள். முட்டி வலிக்கும், ஆனால் அதில் ஒரு ஆறுதலும் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கிறது, எல்லாருக்கும் வலிக்கிறது, அதனால் யாருக்கும் அவமானமில்லை. தனியாக முட்டி போடுவதுதான் அவமானம். நானும் டீச்சராகி அதையேதான் செய்கிறேன், கிளாஸ் பூரா வெளிய நில்லுங்க என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் அப்பாடா என்று இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எவனாவது ஒருத்தன் வந்து நான்தான் டீச்சர் என்பான். பேசினது அவனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, வெயிலில் நிற்கச் சலித்துப்போய் வந்திருப்பான். நானும் சலித்துப்போய் சரி உள்ள வாங்க என்பேன். உண்மை யாருக்கு வேண்டியிருக்கிறது, எல்லாருக்கும் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கும் இப்போது சாய்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்று முடிந்தால் எழுந்து போகலாம். ஒரு வார்த்தை, அஞ்சு எழுத்து. இவ்வளவு வருஷம் பேசிப் பேசித் தொண்டை தேய்ந்தவளுக்கு அது என்ன பெரிய காரியம்.

பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஒருமனதாக இல்லை என்றால் கல்வி ஆபீஸிலிருந்து விசாரணை வரும் என்று தாளாளர் சொல்லிவிட்டார், அப்ப ஒவ்வொருத்தரும் எங்க இருந்தீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துக்கிடுங்க, என்றார். நான் எங்கே இருந்தேன். ஸ்டாஃப் ரூமில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மைதானம் அங்கிருந்து தெரியும். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தேனா? பார்த்தேன். யார் பீரியட் இது, போகச் சொல்லணும், என்று ஒரு நினைப்பு வந்தது. இத்தனை பேர் இருக்கிறார்கள், பி.டி. சார் இருக்கிறார், ஹெச்செம்மே இங்கேதான் இருக்கிறார் என்று அடுத்த நினைப்பு வந்தது. அதற்குள் யாரோ, ஆவுடை டீச்சர் புளியோதரைன்னா புளியோதரைதான், என்றார்கள், நான் திரும்பிவிட்டேன். அந்தத் திரும்பினது இப்போது கழுத்தில் நிற்கிறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தால் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் இதே இரண்டு நினைப்பும் இதே வரிசையில் வந்திருக்கும். ஆளுக்கொரு பிடி அலட்சியம், கொண்டுவந்து கலந்த சாதம் மாதிரி. யார் வீட்டுப் பிடி எது என்று யார் பிரிப்பது. பிரிக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கூட்டம். வீட்டில் சொன்னபோது இவர், ஊரோட ஒத்துப் போயேன், உனக்கு என்னத்துக்கு, என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். நியாயம்தான். செண்பகவல்லியும் ஒத்துக்கொண்டாள் என்றே சொல்கிறார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பேசாமப் போயிரும்மா, வேற ஸ்கூல்ல சேர நல்ல விதமா எழுதித் தாரேன், என்று ஹெச்செம் சொல்லியிருக்கிறார். சரி சார் என்றாளாம். அவளே சரி என்றபிறகு நான் யார். இப்படி ஒவ்வொரு வாசலாக நானே திறந்துவிட்டு வெளியே போகப் பார்க்கிறேன், ஒவ்வொரு வாசலிலும் அந்தத் தறிக்காரர் நின்று எங்க இருந்தீங்க என்கிறார்.

பக்கத்தில் அவள் மூச்சு கேட்கிறது. மெலிந்த பிள்ளை, முப்பது இருக்கும், கைவிரல் முழுக்க ஊசி குத்தின கருப்புப் புள்ளி, வலது கைமணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறாள், பெஞ்சைப் புரட்டினதில் பிசகினது. பகுதி நேரக்காரர்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை, இன்றைக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்டாஃப் என்றால் ஒருத்தர் குறையாமல் இருக்க வேண்டும், ஒருமனது என்றால் அவள் மனதும் அதில் சேர்த்தி. அவளை அனுப்புவதற்கு அவளும் கை கொடுக்க வேண்டும். இதை நான் இங்கிலீஷில் எழுதினேன். ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. நூலகர் சம்மதம். கிளார்க் சம்மதம். இப்போது தாளாளர் அவளைப் பார்க்கிறார், எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள், வழக்கப்படி.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“சம்மதம் சார்,” என்றாள் செண்பகவல்லி.

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பாவம் என்று இரக்கப்பட்டுவிட்டு என் சம்மதத்தையும் சொல்லியிருப்பேன். துணிக்கு அளவு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி சுற்றின கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆவுடை டீச்சர், என்கிறார் ஹெச்செம், கடைசி ஆள் என்கிற நிம்மதி அவர் குரலில் தெரிகிறது. எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். அசதிதான் வந்தது. இன்னொருத்தர் சொன்னதைத் திரும்பச் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் தீர்ந்துபோயிருந்தது. சொந்தமாக என்ன தெரியுமோ அதைச் சொல்வதுதான் அந்த நேரத்தில் லேசான வேலையாகப் பட்டது.

“நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்,” என்றேன்.

“என்ன டீச்சர்?”

“அந்தப் பீரியட் எனக்கு ஆறாவது வகுப்பு. பெல் கேட்டுச்சு. நான் போகல. பிள்ளைக ஓடுறதை ஜன்னல்ல பாத்தேன், எந்திரிக்கல. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. எனக்குச் சம்மதமில்ல சார்.”

குழாய் சொட்டியது. தாளாளர் என்னை உற்றுப் பார்த்தார், பிறகு ஹெச்செம்மை, என்னய்யா ஆளை வச்சிருக்கே என்கிற பார்வை. “கடுதாசி எழுதினதே இவங்கன்னு சொன்னீரு?” என்றார். “நாந்தான் எழுதினேன் சார்,” என்றேன், “அதுவும் தப்பு.” வேறு யாராவது வாயைத் திறப்பார்கள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். தமிழய்யா உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. இந்துமதி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தாளாளர் எழுந்தார். “சரி, விசாரணை வரட்டும். எல்லாரும் அவங்கவங்க பதிலை அவங்கவங்க சொல்லிக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ஹெச்செம் பின்னாலேயே ஓடினார். ஸ்டூல்கள் கிறீச்சிட்டன. என் பக்கமாக வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். திரவியம் சார் மட்டும் நின்றார். “போகப்போற காலத்துல உங்களுக்கு எதுக்கு டீச்சர் இது? இப்போ எங்க பொழப்பையும் சேத்துல்லா இழுத்து விட்டுட்டீங்க,” என்றார். அவருக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை, முழங்கால் மடங்கினது மடங்கினபடியே இருந்தது.

செண்பகவல்லி தொட்டியில் முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல வேண்டும். எதிர் ஸ்டூலில் அவள் உட்காரவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?”

“கேளும்மா.”

“அன்னைக்கு வளைகாப்புக்கு எல்லாரும் போனீங்க. கிளார்க் போனாரு, நூலகர் போனாரு. சாப்பாட்டு வாசம் தையல் ரூமு வரைக்கும் வந்துச்சு. என்னைய ஏன் டீச்சர் யாரும் கூப்பிடல?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் அந்த அறையை ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், சந்தனக் கிண்ணம், வளையல், இலை, கரண்டி, சிரிப்பு. இவள் இல்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தயாராக ஒன்று வந்து நின்றது, வேறு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை.

“யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனைச்சேம்மா,” என்றேன்.

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். ஸ்டூலுக்கு அடியிலிருந்து பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நான் ஒவ்வொருத்தரா எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன் டீச்சர். எல்லாரும் இதையேதான் சொன்னாங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.